புறங்கை

தார்த்துவில் ஜனவரி. நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
மூன்றாம் மாடியில் என் மேசை மேல் ஒரு சோதனைப் பலகை,
அதில் எறும்பின் தலையளவு கறுப்புச் சில்லு.
மூன்று வோல்ட்டை வாங்கி
ஒன்று புள்ளி எட்டாகக் கொடுப்பது அதன் வேலை.
வாங்கிக்கொள்ள இன்று யாரும் இல்லை.
வெளிவாயில் எதையும் மாட்டவில்லை நான்.
கேட்பது இவ்வளவுதான்:
யாருக்கும் எதுவும் அளக்காதபோது
நீ எவ்வளவு தின்கிறாய்?

தேன் எடுத்தவன் புறங்கை நக்குவான்.
அதில் வழக்கில்லை.
ஒன்றேகால் மைக்ரோ ஆம்பியர் நக்கும் என்று
செய்தவர்களே தாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் அளவு: இரண்டு மில்லி ஆம்பியர்.
சிரிப்பு வந்தது.
பலகையின் மூலையில் சிவப்பாய் ஒரு விளக்கு,
இருக்கிறேன் இருக்கிறேன் என்று சொல்வதற்கு மட்டுமே
ஆயிரத்து அறுநூறு மடங்கு தின்றுகொண்டு.
சால்டர் கோலைச் சூடாக்கி அதைப் பிடுங்கினேன்.

மீட்டரை நுண்ணளவுக்குத் திருப்பினால்
சில்லு எழ மறுக்கிறது.
விழிக்கும் நொடியில் அதற்கு ஒரு வாய் அதிகம் வேண்டும்;
மீட்டரோ இடுக்கு வாசலில் நின்றுகொண்டு
ஒவ்வொருவராக வா என்கிறது.
ஒரு துண்டுக் கம்பியால் மீட்டரைத் தாண்டி வழிவிட்டு,
சில்லு எழுந்து உட்கார்ந்ததும்
கம்பியை உருவினேன்.

ஒன்பது புள்ளி நான்கு.

பக்கத்து இரண்டு மின்தடைகளின் பங்கு ஒன்று புள்ளி எட்டு,
ஓம் விதிப்படி கழித்தாயிற்று.
மீதி ஏழு புள்ளி ஆறு.
புறங்கை இல்லை இது. முழங்கை வரை.

"தாளில் இருப்பதை எழுது," என்றான் உர்மஸ்,
கோட்டை மாட்டிக்கொண்டே.
"அவர்களிடம் நம்முடையதைவிட நல்ல மீட்டர் இருக்கும்."
பதிவேட்டில் அவனே எழுதினான்: 1.2.
கதவு மூடிய ஓசை படிகளில் இறங்கிப் போனது.

ஹெல்வே ரவுத்சிக்கிடம் ஆறு குளிர்காலம் என்று சொல்லியிருந்தேன்.
சதுப்பின் நடுவே அவள் நட்ட கம்பத்தில்தான்
இந்தச் சில்லு போகப்போகிறது, நீர்மட்டம் பார்க்க,
ஒரு பொத்தான் பேட்டரியோடு.
பேட்டரி மாற்ற அவள் பனிக்காலணியில்
மூன்று மணி நேரம் நடக்க வேண்டும்; திரும்ப மூன்று.
ஏழு புள்ளி ஆறு என்றால் இரண்டு குளிர்காலம்.
மூன்றாவதில் வெள்ளம் ஏறும்போது
கம்பம் வாயடைத்து நிற்கும்.

எண்ணைக் கிட்டத்தில் பார்க்கக் குனிந்தேன்.
பத்து. பதினொன்று. பதினொன்று புள்ளி ஆறு.
நிமிர்ந்தேன். இறங்கியது.
குனிந்தேன். ஏறியது,
என்னை அடையாளம் தெரிந்துகொண்ட நாய்போல.
மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.
ஏறவில்லை.

மூச்சு.

விளக்கைப் பிடுங்கிய இடத்தில்
ஃப்ளக்ஸ் பிசின் வழிந்து காய்ந்திருந்தது, தேன் நிறத்தில்.
என் மூச்சின் ஈரத்தைக் குடித்துக் குடித்து
இரண்டு செப்புத் தடங்களுக்கு நடுவே
ஒரு கள்ளப் பாதை போட்டிருந்தது.
பாதை போட்டவள் நான்.
இரண்டு மணி நேரமாகத் திருடனைத் தேடியவளும் நான்.

ஸ்பிரிட்டில் நனைத்த பல்துலக்கி.
யாரோ விட்டுப்போன தலைமுடி உலர்த்தி.
பிறகு ஒரு மணி நேரம் பலகையைத் தனியே விட்டுவிட்டு
நடைவழி இயந்திரத்தில் மோசமான காப்பி.
திரும்பி வந்து, தாவணியால் வாயை மூடி,
நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, எட்ட இருந்து பார்த்தேன்:

மூன்று புள்ளி பூஜ்யம்.
அதில் ஒன்று புள்ளி எட்டு போக,

ஒன்று புள்ளி இரண்டு.

உர்மஸ் எழுதிய எண்.
நாளை "பார்த்தாயா" என்பான், பார்த்தேன் என்பேன்.
அவன் எழுதியதை ஒரு கோட்டால் அடித்தேன்.
அதன் கீழே 1.2 என்று எழுதினேன்,
தேதி, நேரம், அறையின் ஈரப்பதம்,
அளந்தவர்: பிரெட் காசிக்.

ஹெல்வேக்கு "ஆறு" என்று மட்டும் அனுப்பினேன்.
அவள் பதில்: "எனக்கு அப்போது அறுபத்தொன்று."

சில்லை அணைக்கவில்லை.
இருட்டில் ஒன்று புள்ளி இரண்டை நக்கிக்கொண்டு
கிடக்கட்டும், காலைவரை.